வாங்கிய பொருளா, பெற்ற அனுமதியா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்தப்பட்டது. பாதுகாப்பைக் கருதி, நானும் என் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். மறுநாள், 2007-ஆம் ஆண்டு விலை கொடுத்து வாங்கி இன்றுவரை பயன்படுத்தி வரும் தமிழ்ப் பக்க வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தபோது, அது இந்தக் கணினியில் பதிவு செய்யப்படவில்லை என்ற அறிவிப்பு தோன்றியது.

குறுந்தகடும் உரிம எண் அச்சிட்ட அட்டையும் ரசீதும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எண்ணை உள்ளிட்டேன், ஏற்கப்படவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கணினியை வாங்கியபோது, அந்நிறுவனத்தார் தொலைபேசியிலேயே புதிய குறியீட்டைச் சொன்னார்கள். இப்போது அந்த எண் உபயோகத்தில் இல்லை. அனுப்பிய மின்னஞ்சலும் திரும்பி வந்துவிட்டது. அந்த மென்பொருளின் தயாரிப்பே நின்றுவிட்டதாகப் பிறகு அறிந்தேன்.

இத்தகைய மென்பொருள்கள், நிறுவப்படும்போது வன்தட்டின் எண், இயங்குதளத்தின் விவரம் போன்றவற்றைச் சேர்த்துக் கணினிக்கு ஓர் அடையாளத்தை உருவாக்கிக் கொள்கின்றன. அந்த அடையாளத்தை நிறுவனத்துக்கு அனுப்பி, பதிலுக்கு வரும் குறியீட்டைச் சேமித்துக் கொண்ட பின்னரே இயங்கத் தொடங்குகின்றன. இயங்குதளம் மாறும்போது அந்த அடையாளமும் மாறக்கூடும். அப்போது பழைய கணினியையே புதிய கணினியாகக் கருதி, மீண்டும் அனுமதி கேட்கின்றன. அனுமதி தரும் சேவையகம் நிறுத்தப்பட்டிருந்தால், முறையாகப் பணம் கொடுத்து வாங்கியவரும் திருட்டுப் பிரதி வைத்திருப்பவரும் அதற்கு ஒன்றுதான்.

நான் பதறியதற்குக் காரணம் மென்பொருளின் விலை அல்ல. தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தந்தை, ஊர் ஊராகச் சென்று உழவுத்தொழில் சார்ந்த வட்டாரச் சொற்களைத் தொகுத்தார். அவர் கைப்பட எழுதிய தாள்கள் மழையில் நனைந்து வீணாகிவிட்டன. நான் தட்டச்சு செய்து வைத்த 400-க்கும் மேற்பட்ட பக்கங்கள் அந்த மென்பொருளின் கோப்புகளாக மட்டுமே இருந்தன. வேறு எந்த மென்பொருளும் அவற்றைத் திறக்கவில்லை. அவரும் இப்போது இல்லை.

விண்டோஸ் 11-க்கு மாறியவர்கள் பத்து நாள்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியுண்டு. ஆறாம் நாள் அதை அறிந்து திரும்பினேன்; மென்பொருள் திறந்தது. அடுத்த சில நாள்கள் வேறு வேலை பார்க்காமல், எல்லாப் பக்கங்களையும் ஒருங்குறிக்கு மாற்றினேன். இன்னும் ஒரு வாரம் அலட்சியமாக இருந்திருந்தால், அந்த வாய்ப்பும் போயிருக்கும்.

இது என் ஒருவனின் சிக்கல் அன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், தமிழ் மென்பொருள்கள் பலவும் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்துத் தத்தம் குறியாக்கத்தை அமைத்துக் கொண்டன. உரிய எழுத்துரு இல்லையேல், அக்கோப்புகளில் பொருளற்ற குறிகளே தெரியும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும், அதற்கு முந்தைய சிற்றிதழ்கள், ஆய்வேடுகள், பதிப்பகக் கோப்புகள் எத்தனையோ பழைய குறியாக்கத்திலேயே தங்கியிருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது எதற்காக வழங்கப்பட்டதோ அந்தப் பயன்பாட்டுக்காக நகலெடுக்க அனுமதிக்கிறது. ஆனால், பூட்டைத் திறக்கும் குறியீட்டை நிறுவனம் தந்தே தீர வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டம், பிற்காலத்தில் திரும்பப் பெறப்படக்கூடிய மின்னணுப் பொருளுக்கு, அது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவுபடுத்தாமல் 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. இங்கும் அத்தகைய சட்டம் தேவை.

அதைவிட முக்கியமானது, விற்பனையை நிறுத்தும் நிறுவனம், செயல்படுத்தும் குறியீடு தேவைப்படாத இறுதிப் பதிப்பைப் பழைய வாடிக்கையாளர்களுக்கு வழங்க வேண்டும் என்ற விதி. இது நடக்காத காரியம் அல்ல. 2005-இல் வெளியான தனது 'கிரியேட்டிவ் சூட் 2' தொகுப்புக்கான சேவையகத்தை நிறுத்தியபோது, அடோபி நிறுவனம் அவ்வாறே செய்தது.

விதி வரும்வரை நம் பொருளை நாமே காத்துக்கொள்ள வேண்டும். கணினியை மேம்படுத்தும் முன் பழைய மென்பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றிலுள்ள எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றி, பி.டி.எஃப். வடிவிலும் ஒரு படியைத் தனியே சேமித்து வையுங்கள். மென்பொருளின் உரிமை நிறுவனத்துக்கு இருக்கலாம். அதில் நாம் எழுதியவை நம்முடையவை. அவற்றைப் படிப்பதற்கு எவருடைய அனுமதிக்காகவும் நாம் காத்திருக்கும் நிலை இருக்கக் கூடாது.