பழைய கிற்றார் அம்பிளிபயர் ஏன் ஷொக் அடிக்கிறது?

இலங்கை எங்கும் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். திரான்சிஸ்ரர் அம்பிளிபயரின் உட்சுற்றுக்கு அதைவிட மிகக் குறைந்த அழுத்தமே போதும். ஆனாலும் பிளக், பியூஸ், சுவிட்ச், ட்ரான்ஸ்போமரின் முதற்சுருள் வரை முழு 230 வோல்ற்றும் நிற்கும்.

இரண்டு முனைப் பிளக் கொண்ட பழைய கருவிகள் சிலவற்றில், இரைச்சலைக் குறைக்க மின்வயருக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே ஒரு கொள்ளளவி இருக்கும். அது பழுதாகிக் குறுக்குச்சுற்றானால் பெட்டியிலும், அதனோடு இணைந்த கிற்றார் தந்திகளிலும் மின் ஏறலாம். அந்தக் கொள்ளளவியை நீக்கி, எர்த் வயருடன் மூன்று முனைப் பிளக் பொருத்த வேண்டும்.

பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய வடிகட்டிக் கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கும். தகுந்த தடையி வழியாக அதை இறக்கி, மீற்றரால் அளந்து உறுதிசெய்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். வீட்டு மின்னிணைப்பில் உள்ள 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இந்த மின்னேற்றத்திலிருந்து காக்காது.