முடுக்கியில் வேலை: எந்தப் பிரிவை எடுப்பது?

துகள் முடுக்கி என்றாலே இயற்பியல்காரர்களின் இடம் என்று ட்ரிபிள் இ, இசிஇ மாணவர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் அதைக் கட்டவும் ஓட்டவும் மின்பொறியாளர்கள் இல்லாமல் முடியாது.

ஆர்வமுள்ளவர்கள் முதலில் கேட்பது ஆர்எஃப் (ரேடியோ அலைவெண்) பிரிவைத்தான். காரணம் உண்டு. காந்தங்கள் துகளின் பாதையை வளைக்கும். அதன் ஆற்றலைக் கூட்டுவது ஆர்எஃப் கேவிட்டி. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கி.மீ. முடுக்கி வளையத்தில் 400 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 16 கேவிட்டிகள் அதைச் செய்கின்றன. இந்தூரில் உள்ள இண்டஸ்-2 முடுக்கிக்காக ஆர்எஃப் சாலிட் ஸ்டேட் ஆம்ப்ளிஃபையர்களை அங்கேயே உருவாக்கியிருக்கிறார்கள். மைக்ரோவேவ் பிடித்தவர்கள் தயங்காமல் போகலாம்.

ஆனாலும் என்னைக் கேட்டால் பவர் எலக்ட்ரானிக்ஸ் என்பேன். செர்ன் வளையத்தில் துகள் கற்றையை வளைக்கும் 1232 மீகடத்திக் காந்தங்கள் எட்டுப் பகுதிகளாக, பகுதிக்கு 154 வீதம் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பகுதிக்கும் தனி பவர் கன்வர்ட்டர். மின்னோட்டம் 11,000 ஆம்பியரைத் தாண்டி ஏறும்போது எட்டும் ஒன்றாக ஏற வேண்டும். பத்து லட்சத்தில் சில பங்குக்கு மேல் பிசகக் கூடாது. ஒன்று பிந்தினாலும் கற்றை தடம் மாறும்.

இவ்வளவு மின்னோட்டத்தில் சிறு குறையும் என்ன செய்யும் என்பதற்கு 2008 செப்டம்பர் 19 அன்று அங்கே நடந்த விபத்தைப் பாருங்கள். இரு காந்தங்களுக்கு நடுவே ஓர் இணைப்பு சரியாகப் பற்றவைக்கப்படவில்லை. அதன் மின்தடை சுமார் 200 நானோஓம்தான். 8,700 ஆம்பியர் பாய்ந்தபோது அது சூடேறி மின்வில் எழுந்தது, காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியத்தின் உறை துளைபட்டது, டன் கணக்கில் ஹீலியம் கசிந்தது. முடுக்கி ஓராண்டுக்கு மேல் நின்றது.

இந்தப் பிரிவிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு சைமன் வான் டெர் மீர் உதாரணம்; அவர் செர்னில் காந்தங்களின் மின்வழங்கிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். சிதறி ஓடும் துகள்களின் விலகலை மின்முனையால் உணர்ந்து, அந்தச் சிக்னலைப் பெருக்கி, வளையத்துக்குக் குறுக்கே அனுப்பி, துகள் சுற்றி வருவதற்குள் திருத்திவிடும் முறை அவருடைய யோசனை. டபிள்யூ, இசட் துகள்களைக் கண்டுபிடிக்க அது வழிவிட்டது; 1984இல் இயற்பியல் நோபல் பரிசை கார்லோ ரூபியாவுடன் பகிர்ந்துகொண்டார். உணர்தல், பெருக்குதல், திருத்துதல் மூன்றும் அதில் இருக்கின்றன. ஆகவே எந்தப் பிரிவை எடுத்தாலும் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிடாதீர்கள்.

இந்தியாவில் இதற்கு முக்கியமான வாசல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி. மின்னியல், மின்னணுவியல், கருவியியல் பட்டதாரிகளை அங்கே எடுக்கிறார்கள். இண்டஸ்-2 உள்ள இந்தூர் மையமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் பாபா மையத்தைப் போலவே அணுசக்தித் துறையின் கீழ்தான் வருகின்றன.