குட்டித் தேவதையும் இளவேனில் முயலும்: கற்பனைக் கோலத்திற்குப் பொருத்தமான தையல்களைத் தெரிவுசெய்தல்

மாணவர்களே, அலங்காரத் தையல் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும்போது பலர் தையல்களின் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். "முயலின் வாலுக்குப் பிரெஞ்சு முடிச்சு" என்று எழுதினால் அது பாதி விடையே. "ஏன் பிரெஞ்சு முடிச்சு?" என்பதற்கும் பதில் தரும்போதே விடை முழுமையடைகிறது. செய்முறையிலும் இதுவே உண்மை. காரணம் அறிந்து தைக்கப்பட்ட கோலம் பார்ப்பதற்கு உயிருள்ளதாக இருக்கும். பல தடவை கழுவிய பின்னரும் நிலைத்திருக்கும். அதை அணியும் குழந்தைக்கும் தீங்கு செய்யாது.

இப்பாடத்தில் பூவின் அருகே நிற்கும் சிறகுடைய குட்டித் தேவதையையும், அவளது தோழனான முயலையும் கொண்ட இளவேனிற் கோலம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதனை இரண்டு வயதுக் குழந்தையின் பருத்திச் சட்டையில், மார்புப் பகுதியில் தைப்பதாகக் கொள்க.

1. இக்கோலம் எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவில் மார்ச் முதல் மே வரையான காலம் இளவேனிலாகும். குளிர்காலத்தில் வெறுமையாகக் கிடந்த நிலத்தில் இக்காலத்திலேயே பூக்கள் மலர்கின்றன. முயல்கள் அதிகமாகக் குட்டி ஈனுகின்றன. நமது நாட்டில் இத்தகைய பருவமாற்றம் இல்லை. ஆகவே இக்கோலத்தில் வரும் மென்மையான மஞ்சள், இளம்பச்சை, நீலம் ஆகிய நிறங்கள் ஏன் தெரிவுசெய்யப்படுகின்றன என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டியுள்ளது. அவை நீண்ட குளிருக்குப் பின் மலரும் முதற் பூக்களின் நிறங்களாகும்.

இளவேனிலில் வரும் உயிர்த்த ஞாயிறுப் பண்டிகையுடன் முயலுக்குத் தொடர்பு உண்டு. பண்டிகைக்கால முட்டைகளை முயல் கொண்டுவருகிறது என்ற ஜேர்மனிய நாட்டு வழக்கத்தை கேயோர்க் பிராங்க் வொன் பிராங்கனோ என்ற மருத்துவர் 1682 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்துள்ளார்.

தேவதைகள் பிரித்தானிய நாட்டார் கதைகளில் நெடுங்காலமாக இடம்பெறுபவை. எனினும் பழைய கதைகளில் வரும் தேவதைகளுக்குப் பொதுவாகச் சிறகுகள் இல்லை. பூச்சியின் சிறகுகளை அவற்றுக்கு அளித்தவர்கள் ஓவியர்களே. 19 ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் பரவலாகியது.

இரண்டு ஓவியர்களை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

(அ) பியற்றிக்ஸ் பொட்டர்: 1902 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த பீற்றர் ராபிட் கதையை எழுதி, படங்களையும் வரைந்தவர். தாம் வளர்த்த முயல்களைக் கூர்ந்து அவதானித்தே இவர் முயல்களை வரைந்தார்.

(ஆ) சிசிலி மேரி பார்க்கர்: இவரது இளவேனில் மலர்த் தேவதைகள் பற்றிய நூல் 1923 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமது சகோதரி நடத்திய பாலர் பாடசாலையின் சிறுவர்களை முன்மாதிரியாக வைத்துத் தேவதைகளையும், உண்மையான செடிகளைப் பார்த்துப் பூக்களையும் வரைந்தார்.

இருவரிடமும் நாம் கற்க வேண்டியது ஒன்றே. கற்பனை உருவத்தை நம்பத்தக்கதாக்குவது உண்மைப் பொருளை அவதானித்தலாகும்.

2. கோலத்தை வரைதல்

மற்றவர் வரைந்த படத்தை அப்படியே பிரதிசெய்யாது, நீங்களே வரைந்துகொள்ளுங்கள். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஓவியரின் படைப்புக்கு அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பாதுகாப்பு உண்டு. தைத்த பொருளை விற்பனை செய்ய எண்ணுவோர் இதனைக் கட்டாயம் கவனத்திற் கொள்ள வேண்டும்.

வரையும்போது பின்வருவனவற்றை அவதானிக்க.

அளவு: தேவதை மிகச் சிறியவள் என்பதைப் பார்ப்பவர் எவ்வாறு அறிவார்? அவளைத் தனியாக வரைந்தால் அவள் சாதாரணச் சிறுமியாகவே தோன்றுவாள். அளவு தெரிந்த பொருள் ஒன்று அருகில் இருக்க வேண்டும். புளூபெல் பூந்தண்டு 9 சென்ரிமீற்றர், அமர்ந்திருக்கும் முயல் 6 சென்ரிமீற்றர், தேவதை 4 சென்ரிமீற்றர் என வரைந்தால், முயலிலும் சிறியவள் என்பது பார்த்தவுடனே விளங்கும்.

சிறகு: வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு சோடிச் சிறகுகள் உண்டு. அவை உடலின் நடுப்பகுதியாகிய மார்பில் இணைந்துள்ளன. ஆகவே தேவதையின் சிறகுகளும் தோளின் பின்புறமிருந்து தொடங்க வேண்டும். இடுப்பிலிருந்து தொடங்கினால் அவை ஒட்டிவைத்த துண்டுகள் போலத் தோன்றும்.

முகம்: சிறுபிள்ளையின் கண்கள் தலையின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கும். கண்களை மேலே வைத்தால் முகம் முதிர்ந்துவிடும்.

முயல்: முயலின் கண்கள் தலையின் பக்கவாட்டில் உள்ளன. எனவே பக்கத்தோற்றத்தில் ஒரு கண்ணை மட்டும் வரைவது இலகுவானது. உரோமம் மூக்கிலிருந்து பின்னோக்கிப் படிந்திருக்கும்.

பூ: இங்கிலாந்தின் காட்டுப் புளூபெல்லின் தண்டு நுனியில் ஒரு பக்கமாக வளைந்து தொங்கும், மணி வடிவப் பூக்கள் அப்பக்கமாகவே இருக்கும். பிரிம்ரோஸ் பூ வெளிர்மஞ்சள் நிறமானது. ஐந்து இதழ்களைக் கொண்டது.

3. துணியும் நூலும்

மென்மையான, நெருக்கமாக நெய்யப்பட்ட வெள்ளை அல்லது வெளிர்நிறப் பருத்தித் துணி ஏற்றது. தைப்பதற்கு முன்னர் துணியைக் கழுவி உலர்த்தி அழுத்திக்கொள்ள வேண்டும். பருத்தித் துணி முதற் கழுவலில் சுருங்கக்கூடும். தைத்த பின்னர் சுருங்கினால் கோலம் முழுவதும் சுருக்கம் விழும்.

அலங்காரத் தையலுக்கான பருத்தி நூல் பொதுவாக ஆறு இழைகளைக் கொண்டது. வேலைக்கேற்ப இழைகளைப் பிரித்தெடுக்கலாம். நூலை ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமாக வெட்டிக்கொள்க. அதனிலும் நீண்ட நூல் துணியினூடாகப் பல தடவை உராய்ந்து மினுக்கத்தை இழக்கும், முறுகிச் சிக்கும்.

கடும் நிற நூல்களைச் சோதித்துப் பார்த்தல் அவசியம். நூலை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துக. நிறம் ஒட்டினால் அந்நூலைக் குழந்தையின் சட்டைக்குப் பயன்படுத்தக்கூடாது.

கோலத்தைத் துணிக்கு மாற்றுவதற்குத் தையற் காபன் தாளைப் பயன்படுத்தலாம். துணி மெல்லியதாயின், வரைந்த தாளையும் துணியையும் யன்னற் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சத்தில் தெரியும் கோடுகளின் மேல் மெல்லிதாக வரையலாம்.

4. பகுதிக்கேற்ற தையல்

ஒவ்வொரு பகுதியையும் பார்த்து, "இப்பகுதியின் இயல்பு யாது?" என உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பின்னர் தையலைத் தெரிவுசெய்யுங்கள்.

தேவதையின் சிறகு: இதன் இயல்பு ஒளி புகும் மென்மை. ஓரத்தை ஓரிழையால் பின்தையலிட்டு, நரம்புகளுக்குச் சில நேர்தையல்கள் மட்டும் இடுக. உட்பகுதியை வெறுமையாக விட வேண்டும். முழுவதையும் நூலால் நிரப்பினால் சிறகு பாரமாகத் தோன்றும். இங்கு தைக்காமல் விடுவதும் ஓர் அலங்கார உத்தியாகும்.

பூந்தண்டு, முயலின் வெளிக்கோடு: வளைந்து செல்லும் தொடர்ச்சியான கோடு தேவை. இரண்டு இழைகளால் தண்டுத் தையல் இடுக. நூலை எப்போதும் ஒரே பக்கத்தில் வைத்து, ஊசியை முந்தைய தையலின் பாதியளவில் வெளியே எடுக்க வேண்டும். வளைவுகளில் தையலின் நீளத்தை 2 முதல் 3 மில்லிமீற்றராகக் குறைத்தால் கோடு உடையாது செல்லும்.

புளூபெல் பூ: மினுக்கமான, வழவழப்பான மேற்பரப்புடையது. சற்றின் தையல் பொருத்தமானது. நூல்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவும் நெருக்கமாகவும் அமைய வேண்டும். ஒரு தையல் 1 சென்ரிமீற்றரிலும் நீண்டால் அது தளர்ந்து, விரலிலோ பொத்தானிலோ சிக்கும். ஆகவே சிறிய பரப்புகளுக்கே இது உகந்தது.

முயலின் உடல்: உரோமத்தின் திசையும் நிறமாற்றமும் தெரிய வேண்டும். நீண்ட தையலும் குறுகிய தையலும் மாறி மாறி வரும் நிரப்புத் தையலை ஓரிழையால் இடுக. தையல்கள் மூக்கிலிருந்து வால்வரை உரோமம் படியும் திசையிலேயே செல்ல வேண்டும். திசை தவறினால் எவ்வளவு நெருக்கமாகத் தைத்தாலும் முயல் மரப்பலகை போலவே தோன்றும்.

பிரிம்ரோஸ் இதழ்களும் சிறு இலைகளும்: லேசி டெய்சி எனப்படும் தனிச் சங்கிலித் தையல். ஒரு வளையத்தை அமைத்து அதன் நுனியை ஒரு சிறு தையலாற் பிடித்துவிடுவதே இதன் முறை. ஒரே அசைவில் இதழின் வடிவம் கிடைப்பதனால் இது பொருத்தமானது.

முயலின் வால்: புடைப்பும் மென்மையும் வேண்டும். பிரெஞ்சு முடிச்சுகளை நெருக்கமாக இடுக. ஊசியின் மேல் நூலை ஒரு தடவை அல்லது இரு தடவை சுற்றி, நூல் வெளிவந்த துளையிலன்றி அதற்கு மிக அருகிற் குத்தி இறக்க வேண்டும். அதே துளையிற் குத்தினால் முடிச்சு கீழே நழுவிவிடும்.

கண்கள்: ஓரிழையால் சிறிய சற்றின் தையல் இட்டு, அதன் மேல் வெள்ளை நூலால் ஒரு சிறு புள்ளி வைக்கவும். தேவதையின் இரு கண்களிலும் இவ்வெள்ளைப் புள்ளி ஒரே பக்கத்தில் இருத்தல் வேண்டும். மாறினால் பார்வை பிசகிவிடும்.

5. பயன்பாடும் பாதுகாப்பும்

இதே கோலத்தைச் சுவரில் தொங்கவிடும் படமாகத் தைத்தால் தெரிவுகள் மாறும். சிறகுகளை ஓர்கன்சா துணியில் வெட்டி, ஓரத்தைத் தைத்துப் பொருத்தலாம். கண்ணுக்கு மணி பதிக்கலாம். வாலுக்கு நூல் வளையங்களை முடிச்சிட்டு, பின்னர் அவற்றை வெட்டித் தூரிகையால் வருடி, பஞ்சுபோல் ஆக்கலாம். படத்தைக் குழந்தை கடிப்பதில்லை. அதனை வாரந்தோறும் கழுவுவதுமில்லை.

குழந்தையின் சட்டையில் இவை எதுவும் கூடாது. சிறுகுழந்தைகள் கையில் அகப்படுவதை எல்லாம் வாயில் வைப்பர். கழன்ற மணி ஒன்று சுவாசக் குழாயை அடைத்தால் அது உயிராபத்தாகும். வெட்டிய நூல்கள் உதிர்ந்து வாய்க்குட் செல்லலாம். இதனாலேயே கண்ணுக்கு மணிக்குப் பதிலாக நூலையும், வாலுக்கு வெட்டிய வளையங்களுக்குப் பதிலாகப் பிரெஞ்சு முடிச்சையும் தெரிவுசெய்தோம்.

துணியின் பின்புறத்தையும் கவனிக்க வேண்டும். ஓரிடத்திலிருந்து தூரத்திலுள்ள மற்றோரிடத்துக்கு நூலை இழுத்துச் சென்றால் பின்புறத்தில் நீண்ட தளர்ந்த நூல் கிடக்கும். குழந்தைக்குச் சட்டை போடும்போது அதன் விரல் அதில் சிக்கும். ஆகவே ஒவ்வொரு பகுதியும் முடிந்தவுடன் நூலைப் பின்புறத் தையல்களுக்குள் செலுத்தி முடித்து வெட்டுக. இறுதியில் மெல்லிய பருத்தித் துணியால் உட்புறத்தை மூடித் தைத்தால், முடிச்சுகள் குழந்தையின் மேனியை உறுத்தா.

6. தைக்கும் ஒழுங்கு

1. முதலில் அதே வகைத் துணியின் சிறு துண்டில் எல்லாத் தையல்களையும் பழகுக. இங்கிலாந்தைச் சேர்ந்த மார்த்தா எட்லின் என்ற சிறுமி 1668 ஆம் ஆண்டில், எட்டு வயதளவில், மாதிரித் தையல் துணி ஒன்றை முடித்தாள். அதன் பின்னரே, 1671 இல், தையல் வேலைப்பாடு கொண்ட பேழையைச் செய்து முடித்தாள். இரண்டும் இன்று இலண்டனின் விக்ரோரியா அல்பேட் அருங்காட்சியகத்தில் உள்ளன.
2. துணியைத் தையல் வளையத்தில் இறுக்கமாகப் பூட்டுக. வேலை முடிந்தவுடன் வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் அடையாளம் பதியும்.
3. பின்னால் உள்ளவற்றை முதலிலும், முன்னால் உள்ளவற்றைப் பின்னரும் தைக்க. சிறகு, உடல், கை என்பதே ஒழுங்கு.
4. முகங்களை இறுதியில் தைக்க.
5. முடிந்ததும் இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரமிட்டு அலசி, தடித்த துவாயின் மேல் கோலம் கீழ்நோக்கி இருக்குமாறு விரித்துப் பின்புறத்தில் அழுத்துக. மேற்புறத்தில் அழுத்தினால் முடிச்சுகள் தட்டையாகிவிடும்.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: குழந்தையின் சட்டையில் முயற்கோலம் ஒன்றைத் தைப்பதற்குப் பொருத்தமான மூன்று தையல்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் தருக.

விடை:
(i) வெளிக்கோட்டிற்குத் தண்டுத் தையல். வளைவான கோடுகளை இடைவெளியின்றி அமைக்கலாம்.
(ii) உடலுக்கு நீண்ட, குறுகிய தையல்களாலான நிரப்புத் தையல். உரோமத்தின் திசையையும் நிறமாற்றத்தையும் காட்டலாம்.
(iii) வாலுக்குப் பிரெஞ்சு முடிச்சு. புடைப்பான தோற்றம் கிடைப்பதுடன், கழன்று விழும் பாகங்கள் இல்லாமையால் குழந்தைக்குப் பாதுகாப்பானது.

ஒவ்வொரு விடையிலும் பகுதி, தையல், காரணம் ஆகிய மூன்றும் இடம்பெற்றிருப்பதை அவதானிக்க. மூன்றாவது விடையில் தோற்றத்துடன் அணிபவரின் நலனும் சேர்க்கப்பட்டுள்ளது.

பயிற்சி: இதே முயற்கோலத்தை (அ) கைக்குட்டை, (ஆ) சுவர்த் தொங்கல் ஆகியவற்றில் தைப்பதாயின் எத்தையல்களை மாற்றுவீர்கள்? காரணங்களுடன் எழுதுக. எழுதிய பின்னர் ஒரு சிறு துணித்துண்டில் தைத்தும் பாருங்கள். உங்கள் காரணம் சரியானதா என்பதை அத்துண்டே உங்களுக்குக் கூறும்.