பாத்திரமறிந்து வழங்குகிறார்களா?

ஆண்டுதோறும் ஜனவரி 25ஆந் திகதி, குடியரசு தினத்தைக் கொண்டாட ஆயத்தமாகி நிற்கும் பாரத நாடு, பெயர்ப் பட்டியல் ஒன்றை வெளியிடுகின்றது. பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ என்னும் விருதுகளைப் பெறுவோரின் பட்டியல் அது. அது வெளிவந்ததும் இரண்டு கேள்விகள் எழுவது வழக்கம். “இவருக்கா கொடுத்தார்கள்?” என்பது ஒன்று. “அவருக்கு ஏன் கொடுக்கவில்லை?” என்பது மற்றொன்று. முதலாவது கேள்வியை உரத்துக் கேட்போர் பலர். இரண்டாவதைக் கேட்போர் சிலரே. ஆயினும் இரண்டாவது கேள்வியே பெரிய கேள்வி என்பது நமது எண்ணம். அதனை இன்று வாசக நேயர்களோடு சேர்ந்து சற்று ஆராய்வோம்.

அந்நியர் ஆட்சியில் சேர், ராவ்பகதூர், திவான் பகதூர் என்னும் பட்டங்கள் தாராளமாக வழங்கப்பட்டன. அவற்றுட் பல, நாட்டுக்குச் செய்த தொண்டைக் கருதியல்ல, ஆட்சியாளருக்குக் காட்டிய பணிவைக் கருதியே கிடைத்தன என்பதை யாவரும் அறிவர். ஆதலினாலேயே சுதந்திர பாரதத்தின் அரசியல் யாப்பை வகுத்தோர், 18ஆம் உறுப்புரையில், படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர்ந்த வேறெந்தப் பட்டத்தையும் அரசு வழங்கலாகாது என்று விதித்தனர். அங்ஙனம் விதித்த நாடே 1954ஆம் ஆண்டு ஜனவரியில் பாரத ரத்னாவையும் பத்ம விருதுகளையும் ஏற்படுத்தியது. இவை பட்டங்களல்ல, தொண்டுக்கு நாடு கூறும் நன்றி என்பது அரசின் விளக்கம். ஆச்சாரிய கிருபளானி போன்றோர் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு விருதுகளை நிறுத்திற்று. 1980இல் அவை மீண்டும் உயிர் பெற்றன. 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம், இவை பட்டங்களல்ல என்றும், ஆகவே எவரும் இவற்றைத் தம் பெயரோடு முன்னும் பின்னும் சேர்த்து எழுதலாகாது என்றும் தீர்ப்பளித்தது.

தொடக்கம் நன்றாகவே அமைந்தது. 1954இல் முதன்முதலாகப் பாரத ரத்னா பெற்றோர் மூவர்: இராஜாஜி, டாக்டர் இராதாகிருஷ்ணன், சேர் சி. வி. இராமன். மூவரும் தமிழ் மண்ணிற் பிறந்தவர்கள் என்பதில் நமக்குப் பெருமையுண்டு. அவர்களுடைய தகுதியைப் பற்றி ஐயுற்றவர் எவருமிலர்.

சங்கடம் அதன் பின்னர் தோன்றியது. 1955இல் பிரதம மந்திரியாயிருந்த நேருவுக்கும், 1971இல் பிரதம மந்திரியாயிருந்த இந்திரா காந்திக்கும் பாரத ரத்னா கிடைத்தது. அவர்கள் தகுதியற்றவர்கள் என்று நாம் கூறவில்லை. பிரதமரைக் கேளாமல் தாமே முடிவு செய்ததாக ஜனாதிபதி இராஜேந்திர பிரசாத் நேருவின் விடயத்தில் விளக்கமும் அளித்தார். ஆயினும், பாரத ரத்னாவுக்கு உரியவரை ஜனாதிபதிக்குச் சிபாரிசு செய்பவர் பிரதமரே என்பது முறை. பந்தியில் பரிமாறுகின்றவர் தம் இலையிலும் பரிமாறிக்கொண்டால், அவர் எவ்வளவு பசித்தவராயினும், பார்ப்போர் முகஞ் சுளிப்பது இயல்பன்றோ? இதனை நன்குணர்ந்தவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். தெரிவு செய்யும் இடத்திலிருப்போர் இவ்விருதைப் பெறலாகாது என்று கூறி அவர் அதனை மறுத்தார் என்பர். அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னர், 1992இலேயே அவ்விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

தகுதியை மறுப்பதைப் போலவே, தாமதமும் ஒருவகை மறுப்பேயாகும். அரசியல் யாப்பை வரைந்த குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர் 1956இற் காலமானார். பாரத ரத்னா வந்தது 1990இல். நூற்றுக்கணக்கான சமஸ்தானங்களை ஒன்றாக்கிய சர்தார் பட்டேல் 1950இல் மறைந்தார். அவருக்கு அது கிடைத்தது 1991இல். அதே 1991இல் மறைந்த இராஜீவ் காந்திக்கு அவ்வாண்டிலேயே கிடைத்துவிட்டது. 1987 டிசம்பரில் மறைந்த எம். ஜி. இராமச்சந்திரனுக்கு மறு ஆண்டிலேயே கிடைத்தது. விரைவாகக் கிடைத்தவையெல்லாம் தவறு என்று கூறுவதும் பொருந்தாது. 1975இல் மறைந்த காமராசருக்கு 1976இல் கிடைத்தபோது, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு அளித்த அப்பெருமகனுக்கு அது தகும் என்றே தமிழுலகம் மகிழ்ந்தது. ஆனால், ஒருவருக்கு ஒரு மாதமும் இன்னொருவருக்கு நாற்பது ஆண்டும் ஆகுமாயின், தராசின் முள் தொண்டின் பக்கம் மட்டும் சாயவில்லை என்பது தெளிவாகின்றது.

இதற்குக் காரணம் யாது? அதிகாரத்தில் இருப்போர் அனைவரும் தீயவர் என்பதன்று. அவர்களுடைய கண்ணுக்கு எட்டிய தூரம் குறுகியது என்பதே காரணம். மந்திரிகளும் அதிகாரிகளும் நாள்தோறும் காண்பவர்களைப் பற்றியே அவர்களுக்குத் தெரியும். தலைநகரின் விருந்து மண்டபங்களிலே காணப்படாத மனிதரை அவர்கள் எவ்வாறு அறிவர்?

இந்த உண்மையை உணர்ந்தோ என்னவோ, 2017ஆம் ஆண்டுக்குரிய பத்ம விருதுகள் முதல், பொதுமக்கள் எவரும் இணையவழியே நேரடியாகப் பெயர்களைப் பரிந்துரைக்கலாம் என்று இந்திய அரசு வழி செய்தது. அதன் பின் வந்த பட்டியல்களிலே, நாம் முன்பு கேள்விப்படாத பெயர்கள் மிகுதியாகக் காணப்பட்டன. மங்களூர் வீதிகளில் தோடம்பழம் விற்ற ஹரேகல ஹாஜப்பா என்பவரிடம் ஒருநாள் வெளிநாட்டவர் ஒருவர் ஆங்கிலத்தில் விலை கேட்டார். அவருக்குப் பதில் கூறத் தெரியவில்லை. தமக்கு நேர்ந்த அவமானம் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நேரலாகாது என்று எண்ணிய அவர், பழம் விற்ற காசைச் சேர்த்து, தம் கிராமத்தில் ஒரு பாடசாலை எழுவதற்குக் காரணரானார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மதுரைப் பக்கத்துக் கூலிப் பெண்களை ஒன்றுசேர்த்துச் சிறுசேமிப்புக் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளை அம்மையாருக்கு 2019இல் கிடைத்தது. பிரதமராயிருந்த வாஜ்பாய் ஒரு விழாவிலே இவர் காலைத் தொட்டு வணங்கியதை நேயர்கள் சிலர் நினைவு கூரக்கூடும். மேட்டுப்பாளையத்துக்கு அருகே இயற்கை உரத்தால் வேளாண்மை செய்த பாப்பம்மாள் பாட்டிக்கு 2021இல், அவரது 105ஆவது வயதிற் கிடைத்தது.

நூற்றைந்து வயதில் வந்த விருதைக் கண்டு மகிழ்வதா, அதுவரை காணாதிருந்ததற்கு நாணுவதா? இரண்டும் வேண்டும் என்போம். மக்களின் கண் அதிகாரியின் கண்ணைவிடத் தொலைவு காணும் என்பதற்கு இப்பெயர்கள் சாட்சி. எனினும், மக்கள் பெயர் கூறினாலும், முடிவு செய்யும் குழுவை ஆண்டுதோறும் அமைப்பவர் பிரதமரே. பாரத ரத்னாவை ஓராண்டில் மூவருக்கு மேல் வழங்குவதில்லை என்ற வரையறை இருந்தும், தேர்தல் நடந்த 2024ஆம் ஆண்டில் ஐவருக்கு வழங்கப்பட்டது. அவர்களுள் வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் போன்ற தகுதி மிக்கோர் இருந்தனர். ஆயினும் வழங்கிய காலம் மக்கள் மனத்தில் ஐயத்தை விதைத்தது. ஐயம் விழுந்த விருது, பெற்ற நல்லோருக்கும் மாற்றுக் குறைத்துவிடுகின்றது. தகாதவருக்குக் கொடுப்பதாற் கெடுவது கருவூலமன்று, தக்கவரின் பெருமையே.

இது அயல்நாட்டுச் செய்தியென்று நாம் ஒதுங்கியிருத்தல் ஆகாது. 1956இல் பிரித்தானியப் பட்டங்களை வேண்டாமென்று விலக்கிய நமது நாடும், 1986 முதல் தேசமான்ய, தேசபந்து முதலிய கௌரவங்களை வழங்கி வருகின்றது. இங்கும் அதே கேள்வி உண்டு. ஊருக்கு ஊர், ஓய்வு பெற்ற பின்னும் திண்ணையிற் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியரும், நள்ளிரவில் அழைத்தாலும் வரும் மருத்துவமாதும் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி நாம் எங்கேனும் ஒரு வரி எழுதினோமா? எழுதாத நாம், அரசு காணவில்லையென்று குறை கூறுவது எங்ஙனம்?

சேர் பொன்னம்பலம் இராமநாதனை எண்ணிப் பாருங்கள். பிரித்தானிய மன்னர் கொடுத்த ‘சேர்’ இன்றும் அவர் பெயரோடு ஒட்டியிருக்கின்றது. அது எந்த ஆண்டு கிடைத்ததென்று கேட்டால் மாணவர் பலருக்குத் தெரியாது. ஆனால், அவர் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்கின்றது. மருதனார்மடத்தில் அவர் பெண்களுக்கென 1913இல் தொடங்கிய கல்லூரியில் இன்றும் மணி ஒலிக்கின்றது. தோடம்பழ வியாபாரியும் சேர் பட்டம் பெற்ற பிரபுவும், நாட்டுக்கு விட்டுச்செல்வது ஒன்றே: பிள்ளைகள் நடந்து உள்ளே புகும் ஒரு வாசல்.

விருது அவ்வாசலைத் தேடிப் போகவேண்டும். வாசல் விருதைத் தேடி வரலாகாது. அதற்கு வழிகாட்ட வேண்டியவர்கள் அயலிலே வாழும் நாமே. இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், வீட்டிலுள்ள சிறுவர்களை அழைத்து, “நமது ஊரில் விருதுக்குரியவர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் கூறும் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயராக இருக்கக்கூடும். அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் வீட்டுக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.