ஜப்பானில் இலை வேட்டை

ஐப்பசி, கார்த்திகை என்றால் நமக்கு அடைமழையே நினைவுக்கு வரும். அதே மாதங்களில் ஜப்பான் தேசத்தில் புயலும் மழையும் ஓய்ந்து, வானம் கழுவித் துடைத்தாற்போல் நீலமாக உயர்ந்து நிற்கின்றது. காற்றிலே குளிர் ஏறுகின்றது. மலைச் சரிவுகள் செம்மையும் பொன்னிறமும் பூணுகின்றன. நம் நாட்டில் மரங்கள் இலையுதிர்ப்பது வெயில் முதிரத் தொடங்கும் மாசி, பங்குனியில். சருகு விழுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஜப்பானியரோ பழுத்த இலையைப் பார்ப்பதற்கென்றே சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு மலையேறுகிறார்கள். இதற்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘மொமிஜிகாரி’. மொமிஜி என்பது சிவந்த இலை. காரி என்றால் வேட்டை.

இப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதை 2025 நவம்பரில் கியோட்டோ நகரம் சென்றபோதுதான் உணர்ந்தேன். வேட்டைக்காரன் போய் நிற்கும் நாளில் மிருகம் வந்து நிற்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. மாதத்தின் முதல் வாரத்தில் மேப்பிள் மரங்கள் அனேகமாகப் பச்சையாகவே இருந்தன. கப்பற்சீட்டோ விமானச்சீட்டோ முன்கூட்டி வாங்கிவிட்டால் பருவமும் அதே தேதிக்குக் கையொப்பமிட்டுவிட்டதென்று எண்ணுவது பிரயாணிகளின் பேதைமை. அதில் எனக்கும் பங்கு இருந்தது.

வசந்தத்தில் செர்ரிப் பூ தெற்கே தொடங்கி வடக்கே செல்கிறது. இலையின் செம்மை அதற்கு நேர்மாறாக வடக்கிலிருந்து இறங்கி வருகிறது. ஹொக்கைதோத் தீவிலுள்ள தைசெட்சு மலைகளில் செப்டம்பரிலேயே பற்றும் நிறம், சிகரங்களிலிருந்து பள்ளத்தாக்குகளுக்கும் வடநாட்டிலிருந்து தென்னாட்டுக்கும் பரவி, கியோட்டோவை அடைய நவம்பர் பிற்பகுதி ஆகிவிடும். இரவின் குளிர் சுமார் 8 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் இலை நன்கு சிவக்கத் தொடங்குகிறது. பச்சைப் பொருள் சிதைகிறது. இலையிலே தங்கிய சர்க்கரையிலிருந்து செந்நிறம் பிறக்கிறது. அந்நாட்டு வானிலை இலாகாவார் 1953 முதல் இந்நிறமாற்றத்தின் தேதியைக் குறித்து வருகிறார்கள். அக்கணக்கின்படி மேப்பிள் சிவக்கும் நாள் இன்று இரண்டு வாரத்துக்கு மேலாகவே பின்தங்கிவிட்டது. பூமி வெப்பமடைவதை அளக்க இதைவிட எளிய கருவி வேண்டுமா?

இலை கிடைக்காத அந்நாட்களில் வேறொன்று கிடைத்தது. பழைய சாந்திரமானக் கணக்கின் எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் இரவிலும், ஒன்பதாம் மாதத்துப் பதின்மூன்றாம் இரவிலும் ஜப்பானியர் சந்திரனைப் பார்ப்பதை ஒரு விழாவாகக் கொண்டாடுகிறார்கள். இரண்டாவது இரவு 2025-இல் நவம்பர் 2-ஆம் தேதி வந்தது. நான் தங்கிய விடுதியின் அம்மையார் நாணலை ஒத்த சுஸுகிப் புல்லைக் குடுவையில் நிறுத்தி, அரிசிமாவு உருண்டைகளையும் செஸ்ட்நட் கொட்டைகளையும் தட்டில் அடுக்கி வைத்தார். சந்திரன் முழுமை பெற இன்னும் சில நாள் இருந்தது. குறையுள்ள மதியையே விரும்பி வரவேற்கும் இவ்வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் இரவில் சந்திரனைப் பார்த்தவர் இரண்டாம் இரவிலும் பார்க்காவிடில் அபசகுனமாம். அம்மையார் சிரித்துக்கொண்டே சொன்னாலும் தட்டை அடுக்க மறக்கவில்லை.

ஜப்பான் அரசாங்கம் 1873 ஜனவரி முதல் தேதியிலிருந்து மேனாட்டுப் பஞ்சாங்கத்தை மேற்கொண்டது. புத்தாண்டே புதிய கணக்குக்கு மாறியது. ஆயினும் இந்த இரண்டு இரவுகளையும் மாற்ற எவராலும் முடியவில்லை. சந்திரனைச் சட்டம் போட்டு நகர்த்த இயலாதன்றோ?

மூன்றாம் வாரம் கழிந்ததும் குளிர் இறங்கியது. தோபுகுஜி ஆலயத்துக்குச் சென்றேன். 1236-இல் தோன்றிய பௌத்த ஆலயம் அது. அங்கே செர்ரி மரங்கள் இல்லாததற்கு ஒரு கர்ணபரம்பரைக் கதை சொல்வார்கள். மின்சோ என்ற ஓவியத் துறவிக்கு ஷோகன் ஒருவர் என்ன பரிசு வேண்டுமென்று கேட்டாராம். செர்ரி மரங்கள் இருந்தால் ஆலயம் கேளிக்கை ஸ்தலமாகிவிடும், அவற்றை வெட்ட உத்தரவிடுங்கள் என்று துறவி வேண்டினாராம். செர்ரி ஒழிந்தது, பள்ளத்தாக்கு முழுவதும் மேப்பிள் நின்றது, கேளிக்கைக் கூட்டம் அதைத் தேடி வந்தது! கூட்டம் பொறுக்காமல் 2016-இல் பாலங்களின்மீது நின்று படம் பிடிப்பதை ஆலயத்தார் தடைசெய்ய நேர்ந்தது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுக்கு வந்த அயலார் 3 கோடியே 68 லட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களைக் குறை கூற எனக்கு வாயில்லை. நானும் அவர்களில் ஒருவனாகவே வரிசையில் நின்றேன்.

த்சூதென்கியோ என்னும் அப்பாலம் 1959-இல் புயலில் வீழ்ந்து, 1961-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் நடுவே சென்று கீழே நோக்கினேன். தீப்பிடித்த பள்ளத்தாக்கிலே அங்கங்கே சில கிளைகள் இன்னும் பச்சையாக இருந்தன. அவை சிவக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று பக்கத்தில் ஒரு முதியவர் தம் மனைவியிடம் கூறினார். அடுத்த வாரமும் வருவதாக இருவரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு மறுநாள் விமானம். பின்னால் வருவோருக்கு வழிவிட்டு நகர்ந்தேன்.