காசு சொல்லும் வரலாறு: பதினைந்து ரூபாய்த் தங்கம்

1871இல் உருவான ஜெர்மன் பேரரசு, வெள்ளியைக் கைவிட்டுத் தங்க மார்க்குக்கு மாறியது. 20 மார்க் காசின் எடை 7.965 கிராம்; அதில் பத்தில் ஒன்பது பங்கு தங்கம். ஒரு பக்கம் பெரும்பாலும் மன்னர் தலை, மறுபக்கம் கழுகு. தலைக்குக் கீழே உள்ள சிறு எழுத்து அச்சடித்த ஊரைக் காட்டும்: ‘ஏ’ பெர்லின், ‘டி’ (D) மூனிக், ‘ஜே’ ஹாம்பர்க். 1888இல் 99 நாள் மட்டுமே ஆண்ட மூன்றாம் பிரெடரிக் பெயரிலும் காசு உண்டு. அவருக்கு முந்தியவர், பிந்தியவர் காசுகளோடு சேர்த்து ‘மூன்று பேரரசர் ஆண்டு’ என்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவார்கள்.

இந்த மாற்றம் இந்தியாவையும் உலுக்கியது. ஜெர்மனி விற்றுத் தள்ளிய பழைய வெள்ளியும் அமெரிக்கச் சுரங்கங்களின் புது வெள்ளியும் சந்தையில் குவிந்தன. வெள்ளி விலை சரிந்தது. ஏறத்தாழ 2 ஷில்லிங் பெறுமானம் இருந்த ரூபாய் 1893க்குள் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. தனியார் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதை அரசு அந்த ஆண்டே நிறுத்தியது. 1899இல், பிரிட்டிஷ் சவரன் 15 ரூபாய்க்குச் செல்லும் என்று சட்டம் வந்தது. விருதுநகர் நகைக்கடைகள் இன்று ஒரு பவுன் என்று நிறுக்கும் 8 கிராம், அந்தச் சவரனின் 7.988 கிராமிலிருந்து வந்த கணக்கு.

ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் புழங்கியது ரூபாய்தான். கடற்கரை வணிகம் பெரும்பாலும் இந்தியர் கையில் இருந்தது. அங்கே 15 ரூபாய்க்கு 20 மார்க். முதல் உலகப் போரில், 1914 நவம்பரில் அங்குள்ள டாங்கா துறைமுகத்தில் இறங்கித் தோற்ற இந்தியப் படையில் பாளையங்கோட்டை பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படையும் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையால் ஜெர்மனியிலிருந்து காசு வருவது தடைப்பட்டது. 1916இல் தபோரா ஊரின் ரயில்வே பட்டறையிலேயே, செகென்கே சுரங்கத் தங்கத்தில் 15 ரூபாய்க் காசு அடித்தார்கள். மலைக்கு முன் துதிக்கை தூக்கிய யானை, கீழே ‘டி’ (T) என்ற தபோரா எழுத்து. அச்சு வெட்டியவர் ஒரு சிங்களப் பொற்கொல்லர் என்று நாணய நூல்கள் கூறுகின்றன. அடித்தவை 16,198 மட்டுமே. எடை 7.168 கிராம்; 20 மார்க்கிலுள்ள சுத்தத் தங்கத்தின் எடையும் சரியாக அதுவே. ஆனால் தபோரா காசில் தங்கம் முக்கால் பங்குதான், அதாவது 5.376 கிராம். போர்க்கால நெருக்கடியின் அளவு இந்த வித்தியாசத்திலேயே தெரிகிறது.

இரண்டே ஆண்டில் பம்பாயும் 15 ரூபாய்த் தங்க மொகர் அடித்தது. சவரனுக்கான அச்சு லண்டனிலிருந்து வரத் தாமதமானதால் செய்த ஏற்பாடு அது. பிறகு அச்சு வந்ததும் அங்கே அடித்த 1918 சவரனில், ஆண்டெண்ணுக்கு மேலே தரைக்கோட்டில் ‘ஐ’ என்ற எழுத்து இருக்கும். 15 ரூபாய்க் கணக்கு 1920இல் முடிந்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் பல சவரன்கள் வளையம் பொடிவைத்து ஊதப்பட்டுக் காசுமாலையில் ஏறின. வளையத்தைக் கழற்றினாலும் விளிம்பு வரிகளில் பற்று அடைத்த தடம் போகாது. சேகரிப்பாளரிடம் விலை குறையும். தபோரா யானைக்குப் போலிகள் ஏராளம் என்பதால் எடையும் மாற்றும் பார்க்காமல் வாங்கக் கூடாது. நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.