பத்து வெள்ளியின் பலம்

ஜொகூர் மாநிலத்தில், லாபிசுக்கும் குளுவாங்கிற்கும் இடையே ரயில் பாதையோரம் அமைந்த பாலோவைப் போன்ற தோட்டப்புற ஊர்களில், திடீர் நோய்க்கோ பிள்ளையின் படிப்புக்கோ பணம் தேடும் ஏழைக் குடும்பத்துக்கு, வங்கியின் வாசலைவிட வட்டிக்காரரின் வாசலே சமீபமாக இருந்துவிடுவது பெரும் அவலமாகும். ஈடு காட்டச் சொத்தில்லாதவனுக்கு அவனை அறிந்த அண்டை அயலாரின் நம்பிக்கையே ஜாமீனாகலாம் என்ற தத்துவத்தின்மீதுதான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமக் கடன் சங்கங்களை ஸ்தாபித்தார். அம்முறையை ஆராய்ந்து சென்னை மாகாணத்துக்குப் பரிந்துரைத்தவர் பிரெடரிக் நிக்கல்சன். இந்தியாவில் 1904-லும் மலாயாவில் 1922-லும் கூட்டுறவுச் சட்டங்கள் பிறந்தன.

இந்தத் தத்துவத்தின் பலத்தை மலாயாத் தமிழர் பிரத்தியட்சமாகக் கண்டது 1960-இல். வெள்ளைக்கார முதலாளிகள் விற்ற ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் வெட்டிய தொழிலாளர் வேலையோடு குடியிருப்பையும் இழந்து தவித்த வேளையில், அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தால் தோட்டத்தையே வாங்கலாம் என்று எடுத்துரைத்தார். அவ்வாறு உதித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், மறு ஆண்டிலேயே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. தனித்தனியே ஒரு மாதச் செலவுக்கும் போதாத பணம், ஒன்று சேர்ந்தபோது நிலமாயிற்று.

ஆயினும், நம்பிக்கையால் வளரும் ஸ்தாபனம் கண்காணிப்பின்றி நிலைக்காது. 1986-இல் மலேசியாவில் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டதும், எளியோர் பலரின் ஆயுட்காலச் சேமிப்பு சிக்கிக்கொண்டதும், நிர்வாகிகளின் முறைகேட்டுக்கு அங்கத்தினர் கொடுத்த விலையை உணர்த்தின. அதன்பின் 1993-இல் புதிய சட்டமும், 2008-இல் மலேசியக் கூட்டுறவு ஆணையமும் வந்தன.

ஆனால் சட்டம் பாதி வேலையைத்தான் செய்யும். சிறு கடனுக்கான விண்ணப்பம் தலைநகருக்குப் போய்த் திரும்பாமல் ஊருக்கு அருகிலேயே தீர்வு பெறவேண்டும். கணக்கு ஆண்டுதோறும் தணிக்கையாகி, தோட்டத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் அவன் கைக்கு வரவேண்டும். இளைஞரும் பெண்களும் நிர்வாகத்தில் இடம்பெறவேண்டும். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பது கூட்டுறவின் தர்மமாதலால், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சென்று, கணக்கைக் கேட்டு, வாக்களிப்பது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமை. பணத்தைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்காதிருப்பவன், தன் சேமிப்பைத் தானே அநாதையாக்குகிறான்.